ஆன்லைன் ஏலத்துக்குக் கார்டு லாட்டைப் படம் எடுக்கும் முறை

கேள்வி: அண்ணே, தக்கலைக்குப் பக்கத்துல இருந்து கேக்கேன். போகிமான் கார்டு ஒரு அறுபது, ஸ்லாம் அட்டாக்ஸ், கிரிக்கெட் எல்லாம் சேர்த்து இன்னும் முந்நூறு கிடக்கு. லாட் லாட்டா, அதாவது பல கார்டை ஒண்ணாச் சேத்து, ஈபே ஏலத்துல போட்டேன். தரையில பரத்தி போன்லதான் படம் எடுத்தேன். ஃபிளாஷ் போட்டா நடுவுல வெள்ளையா அடிக்குது, போடலேன்னா மங்கலா இருக்கு. ஏலமும் ஏறல. வாங்கின ஒருத்தர் மூலை தேஞ்சிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டார். எப்படித்தான் எடுக்கணும்?

பதில்:

தம்பி, ஏலம் ஏறாததும் சரக்கு திரும்பி வந்ததும் ஒரே காரணத்தால்தான். லாட்டுக்கு ஏலம் கேட்கிறவர், படத்தில் தன் கண்ணால் எண்ண முடிகிற கார்டுக்கு மட்டுமே பணம் வைப்பார். வெள்ளைத் திட்டுக்குள் மறைந்துபோன கார்டு அவர் கணக்கில் பூஜ்யம். மூலை தெரியாத கார்டைப் பழகினவர் தேய்ந்த கார்டு என்றே எடுத்துக்கொண்டு குறைத்துக் கேட்பார். பழகாதவரோ நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கேட்டுவிட்டு, பார்சல் பிரித்ததும் சண்டைக்கு வருவார். ஆகவே படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதை வைத்து ஒருவர் எண்ணவும் மூலை பார்க்கவும் முடியுமா என்று பாருங்கள்.

முதலில் கணக்கு. ஈபேயில் ஒரு விற்பனைக்கு 24 படம் வரை போடலாம். உங்கள் 60 போகிமான் கார்டையே எடுத்துக்கொள்வோம். போகிமான் கார்டின் அளவு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம், பெரும்பாலான விளையாட்டுக் கார்டுகளும் இதே அளவை ஒட்டித்தான் இருக்கும். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என ஒன்பது கார்டை, நடுவிலும் நாலு ஓரத்திலும் 10 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால் 229-க்கு 304 மி.மீ. வரும். அது ஏறக்குறைய அச்சாக மூன்றுக்கு நாலு. போன் கேமராவின் சட்டமும் அதே விகிதம்தான். அதனால்தான் ஒன்பது ஒன்பதாக எடுப்பது வசதி, ஓரத்தில் இடம் வீணாவதில்லை. அறுபது கார்டுக்கு முன்பக்கம் 7 படம், பின்பக்கம் 7 படம். முழு லாட்டும் தெரிய ஒன்று. லாட்டின் விலையைத் தூக்குகிற நாலு கார்டுக்கு முன்னும் பின்னுமாக நெருக்கத்தில் எட்டு. மொத்தம் 23. மிச்சமிருக்கும் ஒரு இடத்தை, லாட்டிலேயே மோசமான கார்டின் குறையைக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படம்தான் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி.

ஒன்பதைத் தாண்டி ஏன் போகக் கூடாது? கார்டின் அடியில் இருக்கும் தொகுப்பு எண்ணின் எழுத்து உயரம் ஒன்று, ஒன்றரை மி.மீ.தான். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் 4000 பிக்சல். 304 மி.மீ. நீளத்தை அதில் நிரப்பினால் ஒரு மி.மீ.க்கு 13 பிக்சல் கிடைக்கும். எண்ணை நிம்மதியாக வாசிக்கலாம். அதே படத்தை 1600 பிக்சலுக்குச் சுருக்கி ஏற்றினால் மி.மீ.க்கு ஐந்து பிக்சல்தான் மிஞ்சும், எண் கறையாகத் தெரியும். ஈபே கேட்கும் குறைந்தபட்சம் நீளப் பக்கத்தில் 500 பிக்சல், பரிந்துரைப்பது 1600. அந்த 1600 என்பது ஒற்றைப் பொருளுக்குப் போதும், லாட்டுக்குப் போதாது. எடுத்த அளவிலேயே ஏற்றுங்கள், வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்.

போனை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது

பெரும்பாலோர் செய்கிற தவறு, போனைக் கார்டுக்கு மிக அருகில் கொண்டுபோவது. போனின் சாதாரண 1 எக்ஸ் கேமரா அகலப் பார்வை கொண்டது. ஒன்பது கார்டு நிரம்ப வேண்டுமென்றால் 23 செ.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டிவரும். அந்த நெருக்கத்தில் ஓரத்துக் கார்டுகள் இழுபட்டுத் தெரியும். போன் கொஞ்சம் சாய்ந்தாலும் மேல்வரிசை சிறுத்துப்போகும். கேமராவின் நிழலும் விழும். 2 எக்ஸ் போட்டு 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள்.

ஆனால் 2 எக்ஸ் எல்லாப் போனிலும் ஒன்றல்ல. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் தனி டெலி கேமரா உள்ள போனிலும், 48 அல்லது 50 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை வெட்டித் தருகிற போனிலும் அது நல்ல படம் தரும். பழைய 12 மெகாபிக்சல் போனில் 2 எக்ஸ் என்பது வெறுமனே இழுத்துப் பெரிதாக்குவதுதான். அப்படிப்பட்ட போனில் 1 எக்ஸிலேயே 30 செ.மீ. உயரத்தில் வைத்து, ஒன்பதுக்குப் பதில் நாலு நாலு கார்டாக எடுத்து ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அறுபதுக்கு அப்படி எடுத்தால் 24 படத்துக்குள் அடங்காது. முன்பக்கத்துக்கே 15 ஆகிவிடும். லாட்டை முப்பது முப்பதாகப் பிரிப்பதுதான் வழி. 50 மெகாபிக்சல் போன் என்றால், அமைப்பில் அந்த முழு அளவு முறை அணைந்தே இருக்கும். வெளிச்சம் போதுமான அளவு இருக்கும்போது அதைத் திறந்து எடுங்கள்.

போன் மேசைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. கார்டு பரப்பும் இடத்தின் நடுவில் ஒரு சிறு கைக்கண்ணாடியைப் படுக்க வையுங்கள். போன் திரையில் அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் கேமரா லென்ஸ் தெரியும். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் வரும்வரை போனை அசையுங்கள். வந்துவிட்டால் இணையாகிவிட்டது. ரசமட்டம் காட்டும் ஆப்பைவிட இது நம்பகம். மேசையே சாய்ந்திருந்தாலும் கண்ணாடியும் கூடவே சாய்ந்துவிடும் அல்லவா.

ஸ்டாண்டுக்கு, கை நீட்டின மாதிரி கிடைக்கம்பி உள்ள ட்ரைபாட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு உயரமான ஸ்டூலுக்கு நடுவே ஒரு மர ரீப்பரைப் போட்டு, போனை அதன் ஓரத்தில் லென்ஸ் மட்டும் வெளியே நீட்டும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். பட்டனை விரலால் அமுக்காதீர்கள், மூன்று வினாடி டைமர் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கார்டு பறப்பது ஒரு தொல்லை என்றால், விளக்குக்குக் கீழே சுற்றும் இறக்கையின் நிழல் படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றுவது அதைவிடப் பெரிய தொல்லை. இரண்டு படத்தில் ஒரே கார்டு இரண்டு நிறமாகத் தெரியும்.

நெருக்கப் படம் எடுக்கும்போது சில போன்கள் தானாகவே மேக்ரோவுக்கு, அதாவது அதிஅகலக் கேமராவுக்குத் தாவிவிடும். மூலை கூர்மையாகத் தெரிவதுபோல் இருக்கும், கார்டு மட்டும் கோணலாகிவிடும். அதை அணைத்துவிட்டு 20 செ.மீ.க்கு மேல் விலகி எடுத்து வெட்டுங்கள். ஏஐ மெருகு, ஆவண ஸ்கேன் முறை இரண்டையும் தொடவே வேண்டாம். ஆவண முறை கார்டைப் பத்திரத் தாள் என்று நினைத்து வெள்ளையை வெளுத்துவிடும். மூலைத் தேய்மானம் அதோடு காணாமல் போகும்.

வெள்ளைத் திட்டு ஏன் அடிக்கிறது

ஃபிளாஷை மறந்துவிடுங்கள். பளபளப்பான கார்டு, வெளிச்சம் எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேராகப் போய் நேராகத் திரும்பி லென்ஸுக்குள்ளேயே விழுகிறது. விளக்கைப் பக்கவாட்டில், திரும்பும் ஒளி லென்ஸில் விழாத தூரத்தில் வைத்தால் போதும்.

எவ்வளவு தூரம் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். போன் 50 செ.மீ. உயரத்தில், கார்டு பரப்பின் ஓரம் நடுவிலிருந்து 15 செ.மீ. என்றால், ஓரத்துக் கார்டிலிருந்து லென்ஸுக்குப் பாயக்கூடிய பிரதிபலிப்பு, 35 செ.மீ. உயரத்தில் நடுவிலிருந்து சுமார் 26 செ.மீ. தள்ளி இருக்கும் விளக்கிலிருந்துதான் வரும். அதற்கு உள்ளே விளக்கு இருந்தால் திட்டு விழும், வெளியே இருந்தால் விழாது. இது கார்டு தட்டையாக இருக்கும்போது. 5 டிகிரி வளைந்த கார்டு ஒளியை 10 டிகிரி திருப்பிவிடும். எல்லை 33 செ.மீ.க்குப் போகும். 10 டிகிரி வளைந்தால் 41. ஆகவே 35 செ.மீ. உயரத்தில், நடுவிலிருந்து 45 செ.மீ. தள்ளி, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு விளக்கு. வளைந்த கார்டுக்கும் சேர்த்து இது தாங்கும்.

விளக்கு என்றால் ஸ்டுடியோ விளக்கு வேண்டியதில்லை. 9 அல்லது 12 வாட் எல்இடி பல்பு இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே நாளில் வாங்கியது. டப்பாவில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருந்தால் எடுங்கள். கூல் டேலைட் என்று விற்கும் 6500 கெல்வினைவிட 5000-ஐ ஒட்டியது கிடைத்தால் சிவப்பும் மஞ்சளும் ஒழுங்காக வரும். பல்புக்கு ஒரு சாண் முன்னால் பட்டர் பேப்பர் தொங்கவிட்டால் நிழல் மென்மையாகும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டை விழும். போனின் புரோ முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100 முதல் 200-க்குள் வையுங்கள். ஸ்டாண்டும் டைமரும் இருப்பதால் 1/50-இல் ஆட்டம் வராது.

இத்தனையும் செய்தபின்பும் கார்டு மேல் பால் தெளித்த மாதிரி ஒரு மங்கல் இருந்தால் குற்றவாளி மேல்கூரை. வெள்ளையடித்த சீலிங்கை ட்யூப் லைட் வெளிச்சமாக்குகிறது, கார்டு அதைக் காட்டுகிறது. ட்யூப் லைட்டை அணையுங்கள். ஒரு கறுப்பு சார்ட் தாளின் நடுவில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, போனுக்கு அடியில் மாட்டிவிடுங்கள். கார்டு பார்ப்பது கறுப்பு மட்டும் என்றால் அது திருப்பிக் காட்ட ஒன்றுமில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்து நிற்காதீர்கள், அதுவும் கார்டில் தெரியும்.

சன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் "வடக்குச் சன்னல்தான் சிறந்தது" என்ற ஆலோசனை நம் குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுக்கச் செல்லாது. நாம் இருப்பது 8 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். காலையும் மாலையும் வெயில் வடக்குச் சுவரில் சாய்ந்தடிக்கும். அந்த மாதங்களில் தெற்குச் சன்னல், அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்குச் சன்னல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சன்னலுக்கு வெளியே வாழையோ ரப்பரோ அடர்ந்து நின்றால் உள்ளே வருவது பச்சை வெளிச்சம். வெள்ளை ஓரமுள்ள கார்டுகள் பாசி பிடித்ததுபோல் வரும். நம் பக்கத்துச் சிவப்புத் தரையும் அப்படித்தான், கார்டின் அடியோரத்தில் செம்மை ஏற்றிவிடும். நீங்கள் தரையில் பரத்தி எடுத்த படங்களில் அதுவும் சேர்ந்திருக்கும். மேகம் ஓடுகிற நாளில் ஒன்பது படமும் ஒன்பது வெளிச்சத்தில் வரும். அதனால் சன்னல் என்றால் சன்னல் மட்டும், விளக்கு என்றால் விளக்கு மட்டும். இரண்டையும் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாகி, பின்னால் எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது.

கீழே என்ன விரிப்பது

நடுத்தரச் சாம்பல் நிறம். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்டேஷனரிக் கடையில் சாம்பல் சார்ட் தாளும், கைவினைக்கு விற்கும் ஃபோம் ஷீட்டும் கிடைக்கும். ஃபோம் என்றால் கார்டு வழுக்காது, அது இன்னும் நல்லது. கறுப்பு விரிப்பில் போன், இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கார்டின் வெள்ளை ஓரம் வெந்துபோய்த் தேய்மானம் தெரியாது. வெள்ளை விரிப்பில் அதற்கு நேர்மாறு: கார்டு மங்கும், வெள்ளை மூலை எது, தாள் எது என்றே புரியாது. கறுப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் எக்ஸ்போஷரை முக்கால் படி இறக்குங்கள். வெல்வெட் வேண்டாம். நூல் தூசி ஒட்டும், படத்தில் அது கார்டின் கீறல் மாதிரியே தெரியும்.

வெள்ளைச் சமநிலைக்கு (ஒயிட் பேலன்ஸ்) ஏ4 தாளைக் காட்டாதீர்கள். அந்தத் தாளில் வெண்மை கூட்டும் சாயம் உண்டு, வெளிச்சத்துக்கேற்ப நீலமாக ஏமாற்றும். அந்தச் சாம்பல் விரிப்பையே காட்டிப் பூட்டிவிட்டு, கடைசிப் படம் வரை மாற்றாதீர்கள்.

ஃபாயில், ஹோலோ கார்டுகள்

உலோகப் பளபளப்போடு வண்ணம் மின்னுகிற இந்தக் கார்டுகள் வேறு சாதி. சாதாரணக் கார்டுக்குப் பளபளப்பை ஒழிக்கிறோம், இவற்றுக்கு அதைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன விளக்கமைப்பில் ஹோலோ கார்டு கறுத்துச் செத்த மாதிரி வரும். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டு ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் சாதாரணக் கார்டில் பளபளப்பு முழுக்கப் போய்விடும், நிறம் ஆழமாக வரும். ஆனால் ஃபாயிலில் அது இன்னும் மோசம். உலோகம் திருப்பி அனுப்புகிற ஒளியைத்தான் அந்த அமைப்பு அப்படியே வெட்டுகிறது. ஆகவே ஹோலோவுக்கு இரண்டு படம் எடுங்கள். ஒன்று, சாதாரண அமைப்பில், மூலையும் ஓரமும் தெரிய. இன்னொன்று, ஒரு விளக்கை அணைத்து, கார்டின் ஒரு ஓரத்துக்கடியில் தீப்பெட்டியை வைத்துச் சாய்த்து, வண்ணம் ஓடுவது தெரிய. இந்த இரண்டாவது படம்தான் அச்சுக்கோடும் மேல்தளக் கீறலும் காட்டும். அதை மறைத்து முதல் படத்தை மட்டும் போடுகிறவர்கள் உண்டு. அனுபவப்பட்டவர் உடனே செய்தி அனுப்பிக் கேட்பார், நீங்கள் பதில் போடுவதற்குள் ஏலம் முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஃபாயில் பக்கம் ஈரம் குடிக்காது, பின்னால் இருக்கிற காகிதம் குடித்து விரியும். கார்டு ஃபாயில் பக்கமாகச் சுருண்டு நிற்கும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஜூன் முதல் டிசம்பர் வரை இது சகஜம். இஸ்திரிப் பெட்டியோ கனமான புத்தகமோ வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள், தானாகப் படியும். அதிக நாள் விட்டால் எதிர்ப்பக்கம் வளையும், அதனால் தினமும் திறந்து பாருங்கள். படியாவிட்டால் வளைவைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். கண்ணாடி வைத்து அமுக்கி எடுத்த படம் பொய்ப்படம்.

ஏசி அறையிலிருந்து கார்டையும் போனையும் எடுத்துக்கொண்டு நேராக வராந்தாவுக்கு வந்தால் லென்ஸில் நீர் படியும். கால் மணி நேரம் பொறுத்து எடுங்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர் என்றால் உப்புக்காற்று லென்ஸில் மென்படலமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மூலையும் பின்பக்கமும்

உங்களுக்குச் சரக்கு திரும்பி வந்தது இங்கேதான். போகிமான் கார்டின் பின்பக்கம் நீல ஓரம். தேய்ந்தால் உள்ளே இருக்கிற வெள்ளைக் காகிதம் எட்டிப்பார்க்கும். நீலத்தில் வெள்ளைப் புள்ளி என்பதால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் உண்மை சொல்லும். பின்பக்கம் போடாத லாட்டுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

முன்பக்கம் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு கார்டையும் இருந்த இடத்திலேயே புரட்டிப் போடுங்கள். மொத்தமாக வாரிக் கவிழ்த்தால் இடம் வலம் மாறிவிடும். முன்பக்கப் படத்தில் மேல் இடது மூலையில் இருந்த கார்டின் பின்பக்கம் எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தொகுப்பு எண் வரிசைப்படி அடுக்கினால் விவரத்தில் "மூன்றாம் படம், நடு வரிசை, வலது கார்டில் மடிப்பு" என்று எழுத வசதி.

மடிப்பு நேர் வெளிச்சத்தில் தெரியாது. ஒரு விளக்கை அணைத்து, மற்றதை மேசையிலிருந்து 10, 15 டிகிரிக்கு இறக்கிச் சாய்வாக அடியுங்கள். மடிப்பும் பள்ளமும் நிழலோடு எழும்பி நிற்கும். லாட்டிலுள்ள எல்லாக் கார்டையும் ஒருமுறை இந்த வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விவரம் எழுத வேண்டும்.

கார்டின் மெல்லிய பிளாஸ்டிக் உறையான ஸ்லீவைக் கழற்றி எடுங்கள். மலிவான ஸ்லீவின் கீறல் கார்டின் கீறலாகத் தெரியும், மங்கலும் கூடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் ரேகை ஒரு தொடுதலில் ஒட்டும். டாப்லோடர் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவும்போது வெற்றுக் கார்டை இழுக்காமல், உள்ளே இருக்கும் ஸ்லீவோடு சேர்த்து உருவுங்கள். பழைய ஆல்பத்தின் பிளாஸ்டிக்கில் கார்டு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்கவே வேண்டாம், ஒட்டினபடியே படம் எடுத்து அப்படியே எழுதுங்கள். பூஞ்சைப் புள்ளி இருந்தால் ஈரத்துணி ஆகாது, மேல்பூச்சு கிளம்பிவிடும். பிஎஸ்ஏ மாதிரி கார்டுக்குத் தரம் போடும் கம்பெனி தரமிட்டு உறையில் அடைத்த கார்டு ஏதாவது இருந்தால் லேபிளின் சான்று எண் தெளிவாகத் தெரியட்டும், வாங்குகிறவர் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்.

படத்தில் வராத ஒன்றும் உண்டு: வாசனை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டில் இருந்த கார்டுப் பெட்டி புகை மணக்கும். அதை விவரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஸ்கேனர் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏ4 ஸ்கேனரில் ஒன்பது கார்டு அடங்கும். 300 டிபிஐயில் ஒரு கார்டு ஏறக்குறைய 744-க்கு 1039 பிக்சல், 600-இல் அதன் இருமடங்கு. எண் வாசிக்க 300 போதும். ஓரமும் மூலையும் ஸ்கேனரில் கறாராகத் தெரியும், போனைவிட நன்றாகவே. ஆனால் வீட்டிலும் பிரவுசிங் சென்டரிலும் இருக்கிற பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரின் பார்வை ஆழம் மிகக் குறைவு. டாப்லோடருக்குள் இருக்கும் கார்டு கண்ணாடியைத் தொடாததால் கலங்கிவிடும். ஃபாயில் கறுத்துப்போகும். கார்டைக் கண்ணாடி மேல் நகர்த்தினால் கீறும், தூக்கித் தூக்கி வையுங்கள். சாதாரணக் கார்டுக்கு ஸ்கேனர், ஹோலோவுக்குப் போன் என்று இரண்டையும் கலந்து ஒரே லாட்டில் போடுவதில் தவறில்லை.

மொத்தக் கார்டு

மிச்ச முந்நூறை ஒன்பது ஒன்பதாக எடுக்க உட்காராதீர்கள், அந்த விலைக்கு அது தாங்காது. ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பெயர் வருகிற 20 மி.மீ. மட்டும் தெரியும்படி அடுக்குங்கள். ஒரு நிரையில் 12 கார்டு வைத்தால் நீளம் 308 மி.மீ.; ஐந்து நிரைக்கு அகலம் 375 மி.மீ.க்குள் முடியும். ஒரு படத்தில் 60 கார்டு, பெயர் எழுத்து 3 மி.மீ. இருந்தால் சுலபமாக வாசிக்கலாம். முந்நூறு கார்டுக்கு ஐந்தே படம். பெயர் மேலே இருக்கும் கார்டை மேலிருந்து கீழாகவும், பெயர் அடியில் இருக்கும் கார்டைக் கீழிருந்து மேலாகவும் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நிரையில் கலந்தால் பாதிப் பெயர் மறைந்துவிடும். பின்பக்கத்துக்கு மாதிரியாகச் சிலவற்றை மட்டும் எடுத்து, "மாதிரி" என்றே எழுதுங்கள்.

கூடவே கட்டாக நிறுத்தி ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம். சாதாரணக் கார்டு 0.3 மி.மீ. கனம், நூறு கார்டு 3 செ.மீ.யை ஒட்டி வரும். முந்நூறு என்று சொல்லிவிட்டு அடுக்கு 7 செ.மீ. காட்டினால் கேட்பவருக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும்.

முதல் படம்

தேடல் பட்டியலில் முதல் படம் கட்டைவிரல் அளவில்தான் தெரியும். அறுபது கார்டையும் அதில் பரப்பினால் ஒன்றும் புரியாது. நல்ல நாலைந்து கார்டைப் பெரிதாக முன்னால் வைத்து, மிச்சத்தைப் பின்னால் அடுக்காகக் காட்டுங்கள். நாலு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விடுங்கள், சதுரமாக வெட்டுப்படும்போது தலை போகாது. லாட்டில் இல்லாத பொருள் ஒன்றும் சட்டத்துக்குள் இருக்கக் கூடாது, அழகுக்கு வைத்த பிளேமேட் (கார்டு விளையாடும் விரிப்பு) உட்பட. அதுவும் சேர்த்துத்தான் என்று நினைத்துக் கேட்டவருக்கு நீங்கள் பதில் சொல்லி மாளாது. படத்தின்மேல் எழுத்து, பார்டர், வாட்டர்மார்க் போடுவதை ஈபே அனுமதிப்பதில்லை. இணையத்திலிருந்து எடுத்த கம்பெனிப் படத்தைப் பழைய கார்டுக்குப் போடவும் கூடாது.

எடிட்டிங் என்றால் நேராக்குவது, வெட்டுவது, தேவைப்பட்டால் வெளிச்சத்தைச் சற்று ஏற்றுவது, அவ்வளவுதான். காண்ட்ராஸ்ட், கூர்மை, கறை நீக்கும் கருவி மூன்றையும் தொடாதீர்கள். கூர்மையைக் கூட்டினால் ஓரத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு பிறக்கும், இல்லாத தேய்மானம் இருப்பதாகத் தெரியும். ஐபோன் என்றால் அமைப்பில் ஜேபெக்காகச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். கேமராவில் இடத்தைப் பதிவுசெய்யும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். எடுத்த கோப்பை அப்படியே யாருக்காவது அனுப்பினால் வீட்டு இருப்பிடமும் கூடவே போகும்.

கடைசியாக ஒன்று. ஈபேயின் இந்திய உள்நாட்டுத் தளம் 2018-லேயே மூடப்பட்டது. இப்போது இங்கிருந்து போடுவது வெளிநாட்டுக்காரருக்குத்தான். கிரிக்கெட் கார்டும் பழைய பபிள்கம் கார்டும் நம் நாட்டுச் சேகரிப்பாளர்களிடம்தான் போகும், அந்த ஏலம் நடப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், மேலே பார்த்த மி.மீ.க்கு ஐந்து பிக்சல் நிலைமைதான். எச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், இன்னும் நல்லது ஆவணமாக இணைத்து அனுப்புவது. அந்தக் குழுக்களில், கார்டு கையில்தான் இருக்கிறது என்பதற்கு, உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை லாட்டோடு வைத்து எடுத்த ஒரு படம் கேட்பார்கள். சீட்டைக் கார்டு மேல் வைக்காமல், நடுவிலுள்ள 10 மி.மீ. இடைவெளியில் செருகுங்கள்.